அம்பர் மணி பார்க்க யுவி டார்ச்: எதை வாங்கலாம், எது ஏமாற்றும்

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வளைகுடாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் அவ்வப்போது ஒரு அம்பர் தஸ்பீஹ், அதாவது மண்ணில் புதைந்து இறுகிய மரப்பிசினில் செய்த ஜபமாலை, இருக்கும். விலை கேட்க அது வேலூர் கடைத்தெருவுக்கு வந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இழுப்பறையிலிருந்து ஒரு ஊதா டார்ச்சை (யுவி, அதாவது புற ஊதா ஒளி தருவது) எடுத்து மணிமேல் அடிப்பார். "பளிச்சுன்னு எரியுது பாருங்க பாய், அசல் சரக்கு" என்பார். மணி எரிந்தது உண்மைதான். ஆனால் அதை வைத்து அசல் என்று சொல்லிவிட முடியாது. சலவை செய்த வெள்ளை வேட்டியும்தான் அந்த டார்ச்சில் எரிகிறது.

அப்படியானால் டார்ச்சே வேண்டாமா என்றால், வேண்டும். சரியான டார்ச் கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒரு மாலையிலிருந்து ஒட்டுப்போட்ட மணி, தூளை அழுத்திச் செய்த மணி இரண்டையும் பெரும்பாலும் தனியே எடுத்துவிடலாம். தவறான டார்ச்சில் எல்லாமே ஒரே ஊதாவாகத் தெரியும். கடையில் கிடைப்பவை மூன்று வகை.

முதலாவது, ஒன்பதோ பன்னிரண்டோ இருபத்தொன்றோ சின்ன பல்புகள் வட்டமாகப் பதித்த டார்ச். மூன்று சிறு செல்லில் ஓடும், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அநேகமாக 395 நானோமீட்டர் அலைநீள ஒளி தரும் பல்புதான். இரண்டாவது, நோட்டு பார்க்கும் பெட்டி: 4 வாட் கருநீலக் குழல் வைத்தது, சுவரில் செருகி எரிப்பது. மூன்றாவது, ஒற்றை 365 நானோமீட்டர் எல்.இ.டி.யும் அதன் முன்னால் கறுப்புக் கண்ணாடி ஃபில்டரும் வைத்த, 18650 என்ற அளவுள்ள, சார்ஜ் ஏற்றும் செல் போடும் டார்ச். விலை முதல் வகையைப் போலப் பல மடங்கு. அம்பருக்காக வாங்குவதென்றால் மூன்றாவதை வாங்குங்கள். பணம் கூடுதல் என்று பட்டால் இரண்டாவது போதும். முதல் வகையை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். அதற்கும் ஒரே ஒரு உபயோகம் உண்டு, பின்னால் வருகிறது.

395-க்கும் 365-க்கும் முப்பதுதானே வித்தியாசம் என்று தோன்றும். நம் கண்ணுக்கு ஏறத்தாழ 400 நானோமீட்டரில்தான் ஊதா தொடங்குகிறது. 395 பல்பு அந்த எல்லையில் உட்கார்ந்துகொண்டு கணிசமான ஊதாவை வெளியே கொட்டுகிறது. அந்த ஊதா மணியின் மேல் பட்டுத் திரும்பி வந்து, மணி தானாக வெளியிடும் மெல்லிய ஒளியை மூழ்கடித்துவிடும். கடைக்காரர் "எரியுது" என்று காட்டுவதில் பாதி, திரும்பி வந்த டார்ச் வெளிச்சமே. 365 பல்பிலும் இந்தக் கசிவு முழுமையாக இல்லாமல் இல்லை. அதன் ஒளியோடு வெளிறிய வெண்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதை வடிகட்டத்தான் கறுப்புக் கண்ணாடி. விற்பவர்கள் இதை இசட்.டபிள்யூ.பி.2 என்பார்கள். புற ஊதாவை விட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். ஃபில்டர் இல்லாத 365 டார்ச்சும் சந்தையில் உண்டு, கொஞ்சம் மலிவு. அந்த மிச்சம் வேண்டாம். மங்கலாக ஒளிரும் பழைய மணிகளில்தான் அந்த வித்தியாசம் முழுதாகத் தெரியும், சந்தேகம் வருவதும் அந்த மணிகளில்தான்.

கடையிலேயே சோதிக்க உங்கள் சட்டைப் பையில் இருக்கும் 500 ரூபாய் நோட்டு போதும். கடை வெளிச்சத்திலிருந்து ஒதுங்கி, அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் நிழலில் நோட்டை வைத்து டார்ச்சை அடியுங்கள். நம் நோட்டுக் காகிதத்தில் சாதாரண வெள்ளைத்தாளில் சேர்க்கும் வெண்மையூட்டி இல்லை. ஆகவே காகிதம் இருட்டாகவே இருந்து, எண் வரிசையும் ஆங்காங்கே தூவிய நூலிழைகளும் மட்டும் ஒளிர வேண்டும். நோட்டு முழுக்க ஊதாவில் குளித்து, இழைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் அது 395, அல்லது ஃபில்டர் இல்லாத டார்ச். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நோட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குழல் அணைந்திருக்கும்போதே கருநீலமாகத் தெரிய வேண்டும். அந்த நிறம் வுட்ஸ் கண்ணாடியுடையது, நிக்கல் ஆக்சைடு கலந்தது. தோல் மருத்துவர்களின் வுட்ஸ் விளக்கும் இதே சங்கதிதான். குழல் தெளிந்த கண்ணாடியாக இருந்தால் அது 254 நானோமீட்டர் கிருமிநாசினிக் குழல். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய தடி மாதிரியான விளக்குகளிலும் இது உண்டு. அம்பர் இந்த ஒளியில் மங்கலாகத்தான் ஒளிரும், கண்ணும் தோலும் வெந்துபோகும். இப்போது வரும் சில நோட்டுப் பெட்டிகளில் குழலே இல்லை, 395 பல்பு வரிசை வைத்து முடித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன நோட்டுச் சோதனையில் அதுவும் மாட்டிக்கொள்ளும். குழல் உள்ள பெட்டியின் நல்ல குணம், ஒளி பரவலாக விழுவது. 33 மணி தஸ்பீஹை நீட்டி வைத்தால் எல்லா மணியும் ஒரே பார்வையில் தெரியும், வேறு சரக்கு ஒன்று நடுவில் கோத்திருந்தால் உடனே துருத்திக்கொண்டு நிற்கும். டார்ச் ஒளி நடுவில் குவிவதால் இந்த வேலையில் அதற்கு இரண்டாம் இடம்தான்.

ஒளி எங்கிருந்து வருகிறது

இது தெரியாமல் டார்ச்சை வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறோம் என்றே புரியாது. ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

புற ஊதா ஒளித்துகள் ஒன்று சில வகை மூலக்கூறில் விழுந்தால் அதன் எலெக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறும். இறங்கும்போது ஆற்றலில் ஒரு பகுதியை அதிர்வாக, வெப்பமாக விட்டுவிட்டு, மிச்சத்தை ஒளியாகக் கக்கும். வாங்கியதைவிடக் குறைந்த ஆற்றல் என்பதால் அலைநீளம் கூடி, கண்ணுக்குத் தெரியும் நிறமாக வெளிவரும். 365 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 3.4 எலெக்ட்ரான் வோல்ட், திரும்பி வரும் நீலத்தினுடையது சுமார் 2.7. டார்ச்சை அணைத்த கணமே இந்த ஒளிர்வும் நின்றுவிடும். இதைத்தான் உடனொளிர்வு என்கிறார்கள். ஃபுளோரைட் என்ற கனிமத்தின் பெயரை ஒட்டி 1852-ல் இதற்கு ஆங்கிலப் பெயர் வைத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்.

அம்பர் என்பது மரப்பிசின். நம் வீட்டில் புகை போடும் குங்கிலியத்துக்குத் தூரத்துச் சொந்தம். மரத்திலிருந்து வழிந்த பிசின் மண்ணில் புதைந்து, ஆவியாகும் சரக்கெல்லாம் வெளியேறி, மிச்ச மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகிவிடுகின்றன. பாதி இறுகிய இளசு கோபல், முழுக்க இறுகியது அம்பர். புதைந்த ஆழத்தில் வெப்பம் ஏற ஏற, பிசினில் உள்ள சில மூலக்கூறுகள் ஹைட்ரஜனை இழந்து வளையம் வளையமான அரோமாட்டிக் சேர்மங்களாக மாறுகின்றன. புற ஊதாவை விழுங்கி நீலத்தைக் கக்கும் வேலையை நன்றாகச் செய்பவை இந்த வளையக்காரர்கள்.

டொமினிக்கன் நாட்டின் நீல அம்பர் இதற்கு உச்ச உதாரணம். 2005-ல் வெளிவந்த இத்தாலிய இயற்பியலாளர்களின் ஆய்வு அந்த நீலத்துக்குக் காரணம் பெரிலீன் போன்ற ஐந்து வளைய ஹைட்ரோகார்பன் என்று காட்டியது. ஹைமினியா என்ற அவரை இனத்து மரம் ஒன்றிலிருந்து 1.5 முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த பிசின் அது. பெரிலீன் அதற்குள் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி. காட்டுத்தீயிலோ எரிமலை வெப்பத்திலோ அரைகுறையாக வெந்ததில் உண்டானது என்பது ஒன்று, புதைந்தபின் மண்ணின் சூட்டில் மெல்ல விளைந்தது என்பது மற்றொன்று. டார்ச் வாங்குகிறவருக்கு இதில் முக்கியமான சங்கதி வேறு. பெரிலீன் 400-லிருந்து 440 வரையுள்ள ஊதா ஒளியையும் நன்றாக விழுங்கும். அதனால்தான் நீல அம்பர் வெறும் வெயிலிலேயே நீலமாகத் தெரிகிறது, மலிவான 395 டார்ச்சும் அதற்குப் போதும். மேலே சொன்ன ஒரே உபயோகம் இதுதான். வேலூர் வெயிலுக்கு அந்த டார்ச்சும் தேவையில்லை. உச்சி வேளையில் கறுப்புத் துணிமேல் வையுங்கள், மேற்பரப்பில் நீலம் படரும். வானத்தை நோக்கிப் பிடித்து ஊடே பாருங்கள், தேன் நிறம். வெள்ளைத் தாள்மேல் வைத்தால் தாளில் பட்டுத் திரும்பும் மஞ்சள் வெளிச்சம் நீலத்தை அமுக்கிவிடும். நீலம் காணவில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போகுமுன் கீழே விரித்திருப்பது என்ன நிறம் என்று பாருங்கள்.

நம் பக்கம் அதிகம் வருவது பால்டிக் அம்பர். சுமார் 4.4 கோடி ஆண்டு வயது, ரஷ்யாவின் கலினின்கிராடு பகுதியில் பால்டிக் கடற்கரையோர நீலமண் அடுக்கிலிருந்து தோண்டுவது. சக்சினிக் அமிலம் 3 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். புதிதாக மெருகிட்ட பரப்பில் நீலங்கலந்த வெண்மையோ பச்சை சாய்ந்த மஞ்சளோ காட்டும். உள்ளே நுண்ணிய குமிழிகள் நிறைந்த பால்கோவா நிறச் சரக்கு இன்னும் சுண்ணாம்புத்தனமாக ஒளிரும். மியான்மரின் கச்சின் பகுதி அம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டு, அதன் நீலம் இன்னும் அழுத்தம்.

குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் காம்பே அம்பருக்கு வயது 5 கோடிக்கு மேல். அதைத் தந்தவை சால் மரம், வெள்ளைக் குங்கிலிய மரம் அடங்கிய குடும்பத்தின் மூதாதை மரங்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு, கரைப்பான் சோதனைக்கு வரும்போது தெரியும். 'இந்தப் பக்கத்து மலையில் தோண்டியது' என்று யாராவது கொண்டுவந்தால் டார்ச்சைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். வேலூரைச் சுற்றி நிற்கும் சார்னோகைட்டும் நைஸ் பாறையும் 250 கோடி ஆண்டுப் பழசு. அப்போது பூமியில் பிசின் வடிக்க மரம் என்ற ஒன்றே கிடையாது.

பார்க்கும் முறை

இரவில், விளக்கணைத்த அறையில் பாருங்கள். பகலில் என்றால் ஜன்னலுக்குக் கம்பளம் போட்ட அறை. இருட்டுக்குக் கண் பழக மூன்று முதல் ஐந்து நிமிடம் கொடுங்கள். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், பிறகு 'மங்கலாக இருக்கிறது, போலி' என்று முடிவு கட்டுகிறார்கள். கீழே கறுப்புத் துணி, அதிலும் சோப்புத்தூளில் ஊறாதது. சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டி கறுப்புத் துணியிலும் ஒட்டிக்கொண்டு மின்னும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் மேலே ஒரு கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள், சட்டையிலிருந்து கிளம்பும் நீலம் மணியில் பட்டுப் பிரதிபலிக்கும்.

மணியை ஈரப் பருத்தித் துணியால் துடைத்து உலர விடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம். அத்தர், தலை எண்ணெய், கைக்கிரீம் எல்லாம் தாமே ஒளிரக்கூடியவை. தொழுகைக்குப் பின் அத்தர் தடவிய விரலால் வருடக்கணக்கில் உருட்டிய தஸ்பீஹில் மணியைவிட அந்தப் படலம்தான் முதலில் கண்ணில் படும். டார்ச்சை 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி, சாய்வாகப் பிடித்து, மணியை மெதுவாக உருட்டுங்கள்.

முதலில் துளையைப் பாருங்கள். காற்று பட்டுப் பட்டு அம்பரின் மேல்தோல் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. பழுத்த அந்தத் தோல் புற ஊதாவை விழுங்கிவிட்டு மங்கலான கடுகு நிறமோ பழுப்போ காட்டும், சிலவற்றில் எதுவுமே காட்டாது. தோலுக்கு அடியில் உள்ள புதுப்பரப்புதான் நீல வெண்மையாக எரியும். ஆக நூறு வருஷத்துப் பாட்டி மணி மங்கலாகவும், போன மாதம் மெருகிட்டது பளிச்சென்றும் இருப்பதுதான் முறை. 'பளிச்சென்று இருந்தால் அசல், மங்கினால் போலி' என்ற கடைத்தெருச் சூத்திரம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. பழைய மணியில் துளையின் விளிம்பில், பக்கத்து மணியோடு உரசித் தேய்ந்த இடத்தில் மட்டும் வெளிச்ச வளையம் தெரிந்தால் நல்ல அறிகுறி. புது மணியை அடுப்பில் சூடேற்றிப் பழசாகக் காட்டும் வேலையும் நடக்கிறது. துளை போட்ட பிறகு சூடேற்றியிருந்தால் துளையின் உட்சுவரும் விளிம்பும் ஒரே சீராக மங்கியிருக்கும். பயன்பாட்டில் தேய்ந்த மணி அப்படி ஒரே சீராக இருக்காது.

அடுத்து உடம்பு. தூளையும் சிறு துண்டுகளையும் வெப்பத்தில் அழுத்திச் செய்த மணி பொருளால் அம்பரே, விலையால் வேறு. டார்ச்சில் அதன் உள்ளே துண்டு துண்டாக எல்லைகள் தெரியும், உடைந்த ஓட்டுச் சில்லுகளைச் சேர்த்து வைத்தது போல. ஒளிர்வும் சுண்ணாம்பு பூசிய நீலமாகத் தூக்கலாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கூட வைத்துக்கொண்டால் இந்த எல்லைகளைத் தவறவிட முடியாது. விரிசலை எப்பாக்சிப் பசையால் ஒட்டி மறைத்திருந்தால் அந்தக் கோடு மட்டும் வெள்ளை நீலத்தில் நூல் பிடித்தாற்போல் எரியும். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத ஒட்டு இது. டார்ச்சுக்குக் கொடுத்த காசு இந்த ஒரு வேலையிலேயே திரும்பிவிடும். மேலே வார்னிஷ் பூசியிருந்தால் ஒளிர்வு கண்ணாடித் தாளைச் சுற்றியது போல மேற்பரப்பில் மட்டும் நிற்கும், துளை வாயில் அது வழிந்து தேங்கியிருப்பதும் தெரியும்.

போலிகளில் பேக்கலைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் பெரும்பாலும் செத்த பழுப்பாக நிற்கும். பழைய துருக்கி, அரபு நாட்டுச் செம்மணிகளில் இது நிறைய. ஆனால் பழுத்த அம்பரும் பழுப்பாகத்தான் நிற்கும் என்பதால் இங்கே டார்ச்சால் தீர்ப்புச் சொல்ல முடியாது, உப்புத் தண்ணீர்தான் சொல்லும். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பிளாஸ்டிக் வெள்ளையாக நன்றாகவே எரியும், கடைக்காரர் 'அசல்' என்று சத்தியம் செய்யும் அளவுக்கு. பாலியஸ்டர், எப்பாக்சி வார்ப்புகள் அவரவர் சேர்த்த சாயத்துக்குத் தக்கபடி எந்த நிறமும் காட்டலாம். கோபல் பொதுவாக வெளிறிய வெண்மை. அம்பரோடு இது எல்லை பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கிறது. கோபலா அம்பரா என்ற கேள்விக்கு எந்த விலை டார்ச்சும் பதில் சொல்லாது. அப்படிச் சொல்லும் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பெயர்க் குழப்பம் வேறு. உருதுவில் அம்பருக்குக் கஹ்ருபா என்று பெயர், பாரசீகத்தில் 'வைக்கோல் திருடி' என்று பொருள். தேய்த்தால் வைக்கோல் துணுக்கை இழுப்பதால் வந்த பெயர். யூனானி மருந்திலும் இது உண்டு. ஆனால் வெள்ளைக் குங்கிலியத்துக்கும் அதே பெயர் வழங்குவதால், நாட்டு மருந்துக்கடையில் கஹ்ருபா என்று கேட்டு வாங்கிய துண்டை மாதிரிச் சரக்காக வைத்துக்கொண்டு டார்ச்சைப் பழகாதீர்கள். தேய்த்து இழுக்கவைக்கும் சோதனையும் வீண், பிளாஸ்டிக் சீப்புகூட இழுக்கும்.

டார்ச் நிறுத்தும் இடத்திலிருந்து

250 மில்லி தண்ணீரில் 60 கிராம் உப்பு. கல்லுப்பு என்றால் கரைத்து வடிகட்டிவிடுங்கள். இதன் அடர்த்தி 1.14 வாக்கில் நிற்கும். அம்பர் 1.05-லிருந்து 1.10 வரை, மிதக்கும். பேக்கலைட் 1.25-க்கு மேல், கேசீன் 1.3-க்கு மேல், அக்ரிலிக் 1.18, மூன்றும் மூழ்கும். கோபலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் அம்பரோடு சேர்ந்து மிதக்கும் என்பதை மறக்க வேண்டாம். மணியைப் போடுமுன் அதே கரைசலில் விரலால் நனைத்துத் தேய்த்துக் குமிழி போக்குங்கள். துளையில் மாட்டிய ஒரு காற்றுக்குமிழி மூழ்க வேண்டிய மணியையும் தூக்கி நிறுத்திவிடும். வெள்ளிக் குஞ்சமோ உலோகக் கொக்கியோ கோத்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது, மணியைத் தனியே கழற்ற வேண்டும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். நூலோடு போட்டால் உப்பு நூலில் இறங்கி, உலர்ந்தபின் துளையை அராவும்.

மிதந்தவற்றுக்கு அசிட்டோன். பட்ஸ் முனையில் ஒரு சொட்டு, துளைக்குப் பக்கத்தில், அரை நிமிடம். பிறகு அழுத்திப் பாருங்கள். கோபல் பிசுபிசுக்கும், பாலிஸ்டைரீன் கரையும், பால்டிக் அம்பர் அசையாது. நகப்பாலிஷ் அழிப்பான் பலவற்றில் இப்போது அசிட்டோனே கிடையாது, அட்டையைப் படித்து வாங்குங்கள். வார்னிஷ் பூசிய மணியில் பிசுபிசுப்பது வார்னிஷாகவும் இருக்கலாம். இங்கேதான் காம்பே அம்பர் குறுக்கே வருகிறது. குங்கிலியக் குடும்பத்துப் பிசின் என்பதால் அது கரைப்பான்களுக்கு இளகும். ஆய்வாளர்கள் அதைக் கரைத்து உள்ளே சிக்கிய பூச்சிகளை முழுதாக வெளியே எடுத்திருக்கிறார்கள். ஐந்து கோடி ஆண்டு அசலும் கரைப்பானுக்குத் தோற்கும் என்பதால், பிசுபிசுத்ததெல்லாம் இளசு என்று அடித்துச் சொல்லக்கூடாது. சூடான ஊசி குத்தி வாசனை பிடிப்பது வேண்டவே வேண்டாம். மணியில் ஓட்டை மிச்சமாகும், விலையும் இறங்கும். பெரிய தொகை என்றால் ரத்தினச் சோதனைக் கூடத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுக்கச் சொல்லுங்கள். பால்டிக் அம்பருக்கு அந்த வரைபடத்தில் 1250-க்கும் 1175-க்கும் (அலை எண், செ.மீ.⁻¹) இடையில் ஒரு சமதளத் தோள் தெரியும். அதைப் போலி செய்வது சுலபமில்லை.

டார்ச்சின் குறைகளுக்கு வருவோம். 365 எல்.இ.டி. சூட்டில் சுணங்கும். தொடர்ந்து எரித்தால் ஐந்து நிமிடத்தில் உடம்பு கையைச் சுடும், ஒளியும் இறங்கும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் இன்னும் சீக்கிரம். ஒவ்வொரு மணியின்மேலும் பத்து விநாடி, அணைப்பு, அடுத்த மணி என்று பழகினால் போதும். முதல் மணியையும் முப்பதாவது மணியையும் ஒப்பிடும்போது டார்ச் சூடாகியிருந்தால் பின்னது மங்கலாகத்தான் தெரியும், அதற்கு மணியைக் குறை சொல்லக்கூடாது. மின்னி மின்னி எரியும் மோடுகள் எதற்கும் உதவாது, ஒரே மோடு உள்ளதாகப் பார்த்து வாங்குவது நிம்மதி. கறுப்புக் கண்ணாடி சிவப்பின் கடைக்கோடியைக் கொஞ்சம் விட்டுவிடும். மணியில் மங்கிய செம்மை தெரிந்தால் அதை ஒளிர்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செல்லில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். 18650 அளவில் நல்ல செல் 2,500-லிருந்து 3,500 மில்லி ஆம்பியர் மணி வரைதான். டார்ச்சோடு இலவசமாக வரும் செல்லை நம்பாமல், பாதுகாப்புச் சுற்று உள்ளதாகத் தனியே வாங்குங்கள்.

கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மணியிலிருந்து தெறிக்கும் புற ஊதா கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் கூசாது, இமை மூடாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கண் வில்லையே இந்த ஒளியில் ஒளிர்ந்து பார்வையில் ஒரு பனிமூட்டத்தைப் போடும் என்பதால், கண்ணாடி போட்டால் மணியும் தெளிவாகத் தெரியும். நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடி போதும், வெல்டிங் சாமான் கடைகளில் கிடைப்பது. டார்ச்சுக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவே அதைப் பிடித்துப் பாருங்கள். தாளின் நீல ஒளிர்வு கண்ணாடியின் நிழலில் அணைந்தால் நல்லது, அணையாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

ஆன்லைனில் அம்பர் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் டார்ச் படம் கேட்பது வழக்கமாகிவிட்டது. செல்ஃபோன் தானாக நிறத்தைச் சரிசெய்து எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும். நிறச் சமநிலையைப் பகல் வெளிச்சம் என்று பூட்டி எடுக்கச் சொல்லுங்கள். மணிக்குப் பக்கத்தில் ஒரு 500 ரூபாய் நோட்டையும் வைக்கச் சொல்லுங்கள். படத்தில் நோட்டுக் காகிதம் கறுத்து, இழைகள் மட்டும் ஒளிர்ந்தால் டார்ச்சும் கேமராவும் பொய் சொல்லவில்லை. நோட்டே ஊதாவாக இருந்தால் அந்தப் படத்தில் மணியின் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை, வேறு படம் கேளுங்கள்.